இடைவெளியை அளக்கும் நூல்

தமிழில் 'நூல்' என்னும் சொல்லுக்குப் பொருள் பல. நெய்வதற்கு உரியதும் நூல். கற்பதற்கு உரியதும் நூல். பவணந்தியார் தம் நன்னூலின் பாயிரத்தில் இவ்விரண்டையும் ஓரிடத்தில் சேர்த்து வைக்கிறார். தச்சன் பிடிக்கும் நூல் மரத்தின் கோணலைக் காட்டிப் போக்குவதுபோல, கற்கும் நூல் மனத்தின் கோணலைப் போக்குகிறது என்பது அவர் தரும் விளக்கம். அந்தத் தச்சரின் வழிவந்தவர்கள் இன்றும் ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை 'ஒரு நூல்' என்றே வழங்குகிறார்கள். நூல் ஒரே நேரத்தில் பொருளாகவும், அளவாகவும், அறிவாகவும் இருப்பது நம் மொழி செய்துகொண்ட நல்ல ஏற்பாடு.

இக்கட்டுரை இன்னொரு நூலைப் பற்றியது. பச்சை நிறம், தையல் நூலின் தடிமன், மெழுகு போன்ற மென்மை. காகித உறையில் வருகிறது. ஒரு முறை அளந்ததும் நசுங்கி அழிந்துவிடுகிறது. ஒரு மாட்டுக்கொட்டிலில் அந்நூலைக் கையில் ஏந்தி நின்றபோதுதான், அதன் பின்னால் நிற்கும் இருநூற்றைம்பது ஆண்டு வரலாற்றைத் தேடிப் படிக்கும் ஆவல் எங்களுக்கு வந்தது.

கொட்டிலில் நின்ற கார்

எங்கள் நண்பர்களுள் ஒருவருடைய தந்தையார் முப்பது ஆண்டுகள் ஓட்டிய அம்பாசிடர் கார் ஒன்று, அவர் மறைவுக்குப் பின் வீட்டின் பின்புறம் பழைய மாட்டுக்கொட்டிலில் நின்றது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வழிவந்து, வங்கத்தின் உத்தர்பாராவில் உருவாகி, 2014ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன அந்த வண்டியை வாசகர்களுக்கு அறிமுகம் செய்யவேண்டியதில்லை. பழைய இரும்புக்காரர் இரண்டு முறை வந்து விலை பேசிவிட்டுப் போயிருந்தார். நண்பரின் தாயார் மட்டும் விற்க இசையவில்லை. "அவரு இருந்தப்ப ஓடின மாதிரி ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்கப்பா. அப்புறம் என்ன வேணா செஞ்சுக்குங்க" என்றார். எஞ்சினை இறக்கி நாங்களே பிரித்துச் சேர்ப்பது என்று முடிவாயிற்று. எங்களிடம் இருந்தவை புத்தகங்களும் பழைய கையேட்டின் ஒளிநகல் ஒன்றும், வேண்டிய அளவுக்கு மேலான தன்னம்பிக்கையும்தாம்.

எஞ்சினின் உள்ளே பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடுகின்றன. அந்த ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் எனப்படும் வளைந்த எஃகுத் தண்டு. எங்கள் எஞ்சினில் அத்தண்டை மூன்று இடங்களில் எஞ்சினின் உடல் தாங்குகிறது. நான்கு இடங்களில் பிஸ்டன்களின் கன்ராடுகள் அதைப் பற்றிக்கொள்கின்றன. இந்த ஏழு இடங்களிலும் தண்டுக்கும் அதைச் சூழ்ந்த பேரிங்குக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. பட்டறைகளில் இதைக் 'கிளியரன்ஸ்' என்பார்கள்; கூடிப்போனால் 'ஆட்டம்' என்பார்கள். தண்டின் குறுக்களவில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும் என்பது பொதுவான கணக்கு. எங்கள் தண்டு சுமார் 2 அங்குலம். ஆகவே இருக்கவேண்டிய இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு, மில்லிமீட்டரில் 0.05. ஒரு மெல்லிய தலைமயிரின் தடிமன்!

அதை நாங்கள் அளக்கவில்லை. கிராங்க் பளபளப்பாக இருந்தது. பழைய பேரிங்குகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்தினோம், மூடிகளை முறுக்கினோம், தண்டு கையால் சுற்ற வந்தது. மகிழ்ச்சியோடு எஞ்சினை ஏற்றி ஓட்டினோம். முதல் பத்து நிமிடம் எல்லாம் நலமே. நாங்கள் இணைத்திருந்த அழுத்தமானியின் முள், எஞ்சின் குளிர்ந்திருந்தபோது 60இல் நின்றது. சூடேற ஏறக் கீழே இறங்கியது. கடைசியில் 5க்கு அருகே வந்து நடுங்கியது. அடியிலிருந்து 'டொக் டொக்' என்றொரு ஓசை. அதைக் கேட்டதும் தாயார் வாசலிலிருந்து உள்ளே போய்விட்டார். அன்று எங்களுள் எவரும் உணவருந்தவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

ஊரில் முதிய மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். கை நடுக்கத்தால் தொழிலை விட்டுவிட்டவர். அவரை அழைத்து வந்தோம். நின்றபடியே ஓசையைக் கேட்டார்.

"கிராங்கை அளந்தீங்களா தம்பி?"

"பார்த்தோம் மேஸ்திரி. பளபளன்னு இருந்துச்சு."

"பளபளப்புக்கு ஏது தம்பி அளவு?"

அந்த ஒரு கேள்விதான் எங்களை வரலாற்றுக்குள் அனுப்பியது.

மாற்று அச்சும் வண்டி மையும்

சுழலும் தண்டும் அதைத் தாங்கும் துளையும் ஒன்றையொன்று தேய்க்கும் என்பது சக்கரத்தைப் போலவே பழைய செய்தி. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், உப்பு வணிகரான உமணர் தம் வண்டியின் கீழே மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வதை எடுத்துக்காட்டித் தம் தலைவனைப் புகழ்கிறார். பள்ளமும் மேடுமான வழியில் என்ன நேருமோ என்ற அச்சத்துக்கு அவர்கள் கண்ட மருந்து அது. தேய்மானத்துக்கு நம் வண்டிக்காரர்கள் கண்ட மருந்து வண்டி மை. வைக்கோற் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சில் தடவினார்கள். அச்சுக்கும் குடத்துக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு என்று எவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவையும் இல்லை. மாட்டின் நடைக்கு அச்சு எப்படி இருந்தாலும் ஈடுகொடுத்தது.

வேகம் வந்தபோதுதான் கேள்வியும் வந்தது. நீராவி வந்தபோது இடைவெளி முதலில் பகையாகவே தோன்றியது. ஜேம்ஸ் வாட்டின் எஞ்சினில் உருளைக்கும் பிஸ்டனுக்கும் நடுவே நீராவி கசிந்து வீணாயிற்று. உருளையை வட்டமாகக் குடைந்து தர வல்லவர் எவரும் இல்லை. ஜான் வில்கின்சன் 1774இல் பீரங்கிக் குழல்களைக் குடைவதற்கு உரிமம் பெற்றவர்; அடுத்த ஆண்டு உருளைகளுக்கும் ஓர் எந்திரம் அமைத்தார். வாட்டின் கூட்டாளி மாத்யூ போல்டன் அதைக் கண்டு வியந்து எழுதினார். 50 அங்குல உருளையில் எந்த இடத்திலும் பழைய ஷில்லிங் நாணயம் ஒன்றின் தடிமன் அளவுக்குக்கூடப் பிழை இல்லையாம்!

கவனிக்கவேண்டியது அந்த நாணயம். அக்காலத்தின் தலைசிறந்த துல்லியத்தைச் சொல்லுவதற்குப் போல்டனிடம் எண் இல்லை. சட்டைப்பையில் இருந்த காசுதான் இருந்தது. எங்கள் 'பளபளப்பு' அதற்கும் ஒரு படி கீழே என்பதை இங்கே ஒப்புக்கொள்வதில் எங்களுக்கு வெட்கமில்லை.

நீதிபதியும் சட்டைப்பைக் கருவியும்

காசிலிருந்து எண்ணுக்கு வந்த பயணத்தில் முதலில் நினைக்கத்தக்கவர் லண்டனில் பட்டறை வைத்திருந்த ஹென்றி மாட்ஸ்லே. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் மேசைமேல் வைக்கும் மைக்ரோமீட்டர் ஒன்றைச் செய்தார். திருகாணியைச் சுற்றினால் தாடை நகரும். எவ்வளவு சுற்றினோம் என்பதே அளவு. பட்டறையில் இருவருக்குள் அளவைப் பற்றிப் பிணக்கு எழுந்தால் பொருள் அந்தக் கருவியிடம் போகும். அது சொன்னதே இறுதித் தீர்ப்பு. அதனால் அதற்கு 'லார்டு சான்சலர்' என்று நாட்டின் தலைமை நீதிபதியின் பட்டப்பெயரையே சூட்டிவிட்டார்கள். பேச்சுவழக்கிலிருந்து பிறந்த இந்தப் பெயரில் ஓர் உண்மை இருக்கிறது. அளவு என்பது முதலில் ஒரு தீர்ப்பு. முதலாளியின் கண்ணையும் தொழிலாளியின் கையையும் ஒரே தராசில் வைக்கும் தீர்ப்பு.

மாட்ஸ்லேயிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த், அங்குலத்தில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைக் காட்டும் கருவியை 1851ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியில் வைத்தார். அங்குலத்தை அரை, கால், அரைக்கால் என்று வெட்டிக்கொண்டு போவதை விட்டு, ஆயிரத்தின் பங்குகளால் எண்ணவேண்டும் என்று வாதாடியவரும் அவரே. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை நம் கடைசல் பட்டறைகளில் 'தவ்' என்கிறார்களே, அச்சொல் அந்த மரபின் எச்சம். ஆயிரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் தலை மட்டும் கடல் கடந்து வந்து தமிழாயிற்று.

ஆனால் நீதிபதி மேசையைவிட்டு எழுந்து தொழிலாளியின் சட்டைப்பைக்குள் வருவதற்கு இன்னும் சில ஆண்டுகள் ஆயின. பாரிஸில் ழான் லோரான் பால்மர் 1848இல் கையடக்க மைக்ரோமீட்டருக்கு உரிமம் பெற்றார். 1867இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்த ஜோசப் பிரவுன், லூசியன் ஷார்ப் ஆகிய அமெரிக்கர் இருவர் அதைக் கண்டு, ராட் தீவு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரிலிருந்த தங்கள் ஆலையில் செய்து விற்கலாயினர். 'பிரவுன் அண்டு ஷார்ப்' என்னும் அப்பெயரைப் பழைய பட்டறைக்காரர்கள் அறிவார்கள். தீர்ப்புச் சொல்லும் உரிமை அன்று பரவலாயிற்று.

கைப்பதத்தின் நூற்றாண்டு

இதற்கிடையில் பேரிங்கின் உள்ளே வேறொரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஐசக் பாபிட் 1839இல் ஓர் உரிமம் பெற்றார். வெள்ளீயத்தைப் பெரும்பங்காகக் கொண்டு, ஆண்டிமனியும் செம்பும் சேர்த்த மென்மையான கலவையைப் பேரிங்கின் உட்புறத்தில் பூசுவது அவர் வழி. நம் பக்கத்தில் 'வைட் மெட்டல்' என்கிறார்கள். எஃகுத் தண்டு விலையுயர்ந்தது. ஆகவே தேய்வது மென்மையான பூச்சாக இருக்கட்டும். தூசு ஒன்று உள்ளே புகுந்தால் பூச்சு அதைத் தன்னுள் அமுக்கிக்கொண்டு தண்டைக் காப்பாற்றும். மென்மையால் வன்மையைக் காக்கும் இந்த உபாயம் எந்த நீதிநூலிலும் இடம்பெறத் தக்கது.

உருக்கி ஊற்றிய பூச்சைத் தண்டுக்குப் பொருத்துவது கைவேலை. தண்டில் நீலச்சாயத்தை மெல்லப் பூசி, பேரிங்கில் வைத்துச் சுற்றி எடுப்பார்கள். எங்கே நீலம் ஒட்டியிருக்கிறதோ அங்கே மேடு. அதைச் சுரண்டுகத்தியால் சுரண்டுவார்கள். மறுபடி நீலம், மறுபடி சுரண்டல். நீலம் சீராகப் பரவும்வரை மணிக்கணக்கில் இது நடக்கும். இடைவெளியை அவர்கள் அறிந்தது எண்ணால் அன்று; விரலால், தண்டைச் சுற்றும்போது மணிக்கட்டில் தெரியும் இறுக்கத்தால். மூடிகளின் அடியில் மெல்லிய தகடுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். நாளாகித் தேய்ந்து ஆட்டம் கண்டால் ஒரு தகட்டை உருவிவிட்டு மூடியை மீண்டும் முறுக்குவார்கள்.

கப்பல் எஞ்சின்களில் மட்டும் இன்னொரு வழக்கம் இருந்தது. மனிதனைவிடப் பெரிய தண்டுகளை மணிக்கட்டால் அறிய முடியாதல்லவா? மூடியைக் கழற்றி, தண்டின்மேல் மெல்லிய ஈயக்கம்பியை வைத்து, மூடியைப் போட்டு முறுக்கிவிட்டு மீண்டும் கழற்றுவார்கள். நசுங்கிய ஈயத்தின் தடிமனே இடைவெளி. பச்சை நூலின் முப்பாட்டன் இந்த ஈயக்கம்பிதான்.

தெறித்த அடைப்பு

இத்தனைக்கும், அந்த இடைவெளியில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை எவரும் அறியவில்லை. எண்ணெய் வழவழப்பூட்டுகிறது, அவ்வளவுதான் என்று எண்ணியிருந்தார்கள். இதை மாற்றியது ஒரு சிறு விபத்து.

இங்கிலாந்தின் எந்திரப் பொறியாளர் கழகம் உராய்வை ஆராயும் பணியை பியூச்சாம்ப் டவர் என்பவரிடம் ஒப்படைத்திருந்தது. இரயில் வண்டியின் அச்சுகளைப்போல மேலே மட்டும் பேரிங் வைத்து, கீழே எண்ணெயில் தோயும் 4 அங்குலத் தண்டு ஒன்றை அவர் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். எண்ணெய் உள்ளே போகவேண்டிய துளை வழியே எண்ணெய் மேலேறி வந்து வழிந்தது! தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே வந்தது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார். அதுவும் மெல்ல மெல்ல வெளியே தள்ளப்பட்டது. வேறொருவராயின் பெரிய கட்டையாகப் பார்த்து அடித்திருப்பார். டவர் அங்கே ஓர் அழுத்தமானியைப் பொருத்தினார். சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு காட்டக்கூடிய அந்தக் கருவியின் எல்லையையும் முள் தாண்டியது. பேரிங்கின்மேல் அவர் ஏற்றியிருந்த சுமையோ சராசரியாகச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான்.

பொருள் தெளிவு. தண்டு பேரிங்கைத் தொடவே இல்லை. எண்ணெயின்மேல் மிதக்கிறது. டவரின் அறிக்கை 1883இல் வெளிவந்தது. அதே ஆண்டில் ரஷ்யாவில் நிகலாய் பெத்ரோவும் உராய்வு எண்ணெயின் பிசுபிசுப்பைச் சார்ந்தது என்று எழுதினார். மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் இதற்குக் கணிதம் கண்டார். துளை தண்டைவிடச் சற்றுப் பெரியது. தண்டு அதில் ஒரு பக்கம் ஒதுங்கிச் சுழல்கிறது. ஆகவே இடைவெளி ஒருபுறம் அகன்றும் மறுபுறம் குறுகியும் ஆப்பு வடிவில் அமைகிறது. சுழலும் தண்டு எண்ணெயை அந்தக் குறுகலுக்குள் இழுத்துச் செல்ல, அங்கே எழும் அழுத்தம் தண்டைத் தூக்கி நிறுத்துகிறது. டவர் அளந்து தராத அந்த இடைவெளியையும் ரெனால்ட்ஸ் கணக்கிலிருந்தே வருவித்தார். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

வாட்டுக்குப் பகையாக இருந்த இடைவெளி இங்கே உறுப்பாகிவிட்டதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம். எஞ்சினின் உறுப்புப் பட்டியலில் இல்லாத, எடையற்ற, விலையற்ற ஓர் உறுப்பு. அது குறைந்தால் எண்ணெய்ப் படலம் உருவாக இடமின்றி உலோகம் உலோகத்தைத் தொட்டு, சூடேறி, பூச்சு உருகித் தண்டு பிடித்துக்கொள்ளும். அது கூடினால் எண்ணெய் தங்காமல் ஓரங்களில் வழிந்துவிடும். இந்த வழிதல் இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. அதாவது இடைவெளி இரு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு! சூடேறி எண்ணெய் நீர்த்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். எங்கள் அழுத்தமானியின் முள் ஏன் குளிரில் நிமிர்ந்து நின்று, வெப்பத்தில் தலைகவிழ்ந்தது என்பதற்கு விடை இதுவே.

கத்தி ஓய்ந்த கதை

இடைவெளி இன்னதென்று அறிந்தாயிற்று. அளக்கும் கருவியும் வந்தாயிற்று. பிறகு கைப்பதத்துக்கு என்ன ஆயிற்று?

1908இல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் ஓட்டத்திடலில் மூன்று கேடிலாக் கார்களை அரச ஆட்டோமொபைல் கழகத்தின் கண்காணிப்பில் முற்றிலும் பிரித்தார்கள். ஒவ்வொன்றிலும் 721 உறுப்புகள். அனைத்தையும் ஒன்றாகக் கலந்தார்கள். அவற்றுள் 89 உறுப்புகளை நீக்கிவிட்டு விற்பனையாளரின் இருப்பிலிருந்து மாற்று உறுப்புகளை வைத்தார்கள். பின் அந்தக் குவியலிலிருந்து ஸ்பானரும் ஸ்குரூ டிரைவரும் கொண்டு மூன்று கார்களை மீண்டும் பூட்டி, 500 மைல் ஓட்டினார்கள். மூன்றும் ஓடின. அவ்வருடத்து டியூவர் கோப்பை அந்நிறுவனத்துக்குக் கிடைத்தது. அதன் தலைவர் ஹென்றி லேலண்ட் தம் இளமையில் பிரவுன் அண்டு ஷார்ப் ஆலையில் தொழில் பழகியவர் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

பேரிங்குகளில் இந்த மாற்றம் முழுமை பெற்றது 1930களில். மெல்லிய எஃகுத் தகட்டில் அதைவிட மெல்லிய பூச்சை ஏற்றி, அரைவட்ட ஓடுகளாகச் செய்யும் முறையை அமெரிக்காவின் கிளீவ்லேண்டு நகரில் வளர்த்தெடுத்தார்கள். அதன் உரிமத்தைப் பெற்று இங்கிலாந்தில் 'தின்வால்' என்ற பெயரில் செய்தவர் டோனி வாண்டர்வெல். தம் பெயரையும் பேரிங்கின் பெயரையும் இணைத்து அவர் உருவாக்கிய 'வான்வால்' பந்தயக் கார், 1958இல் ஃபார்முலா ஒன்று தயாரிப்பாளர் பட்டத்தை வென்றது. அப்பட்டம் வழங்கப்பட்ட முதல் ஆண்டு அது.

இந்த ஓடுகளைச் சுரண்டக் கூடாது. சுரண்டினால் பூச்சே போய்விடும். தகடு உருவவும் வழியில்லை. பழைய ஓட்டை எடுத்துவிட்டுப் புதிய ஓட்டை வைக்கவேண்டியதுதான், யாரும் செய்யலாம். ஒரு தலைமுறையின் கைப்பதம் இப்படி ஓய்ந்தது. இங்கேதான் எங்களைப் போன்றோர் சறுக்குகிறோம். சுரண்டியவர் தம் கையாலேயே இடைவெளியை உண்டாக்கினார். ஆகவே அதை அறிந்திருந்தார். ஓட்டை மாற்றுபவர் எதையும் உண்டாக்குவதில்லை. தேய்ந்த தண்டின்மேல் புதிய ஓடு வைத்தாலும் அது அழகாகவே அமர்ந்துகொள்ளும்; தண்டும் சுற்றும். உண்டாக்கும் வேலை போனபின், அளக்கும் கடமை வந்து சேர்ந்திருக்கிறது. எளிதான பாதியை ஏற்றுக்கொண்டு மற்றப் பாதியை விட்டுவிட்டோம்.

அந்த மற்றப் பாதிக்காக வந்ததுதான் பச்சை நூல். துளையின் உட்குறுக்களவை அளக்கும் கருவிகளும் பழகிய கையும் வீட்டில் இராது. ஈயக்கம்பியோ மென்மையான பூச்சில் தழும்பு உண்டாக்கக்கூடும். நசுங்கியபின் அதை அளக்க மைக்ரோமீட்டரும் வேண்டும். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து ஹேகர்ஸ்டவுனில் பிஸ்டன் வளையங்கள் செய்துவந்த பெர்ஃபெக்ட் சர்க்கிள் நிறுவனம் 'பிளாஸ்டிகேஜ்' என்ற பெயரில் ஒரு மெழுகு நூலைக் கொண்டுவந்தது. அளவுகோல் அது வரும் உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. பச்சை நூல் 1 முதல் 3 தவ் வரை அளக்கும்; சிவப்பு 2 முதல் 6 வரை; நீலம் 4 முதல் 9 வரை.

அளந்த நாள்

எஞ்சினை மீண்டும் இறக்கினோம். மேஸ்திரி ஒரு நாற்காலியில் அமர்ந்துகொண்டார். முதல் மூடியைக் கழற்றி, தண்டிலும் ஓட்டிலும் எண்ணெய்ப் பசையே இல்லாமல் துடைத்தோம். அந்நூல் எண்ணெயில் கரையும் தன்மையுடையது. பச்சை நூலில் ஒரு துண்டைத் தண்டின் நீளவாக்கில் வைத்து, மூடியைப் போட்டு, டார்க் ரெஞ்சால் கையேடு சொன்ன அளவுக்கு முறுக்கினோம். தண்டைச் சுற்றக் கூடாது. சுற்றினால் நூல் இழுபட்டு அளவு கெடும். பிறகு மூடியைக் கழற்றிப் பார்த்தோம். நூல் நசுங்கவே இல்லை என்று சொல்லும்படி கிடந்தது. பச்சையின் எல்லைக்கு மேலே போய்விட்டது எங்கள் இடைவெளி.

சிவப்பு நூலை வைத்தோம். இம்முறை அது சற்று நசுங்கியிருந்தது. எவ்வளவு அகலமாக நசுங்கியிருக்கிறதோ அவ்வளவு சிறியது இடைவெளி. உறையின் கோடுகளோடு ஒப்பிட்டபோது 5 தவ்வுக்கு மேல் காட்டியது. அதிலும் நசுங்கிய அகலம் ஒரு முனையில் கூடியும் மறுமுனையில் குறைந்தும் இருந்தது. தண்டு கூம்பாகவும் தேய்ந்திருக்கிறது என்று அதற்குப் பொருள். முப்பது ஆண்டு ஓட்டத்தின் கணக்கு அந்தச் சிவப்புக் கறையில் எழுதப்பட்டிருந்தது. எங்கள் கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிந்தது அந்தத் தேய்மானமே!

மேஸ்திரி மூடியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "எங்க காலத்துல இது இல்ல. இருந்திருந்தா நானும் ரெண்டு வண்டியக் கெடுத்திருக்க மாட்டேன்" என்றார். கைப்பதத்தின் மீது நாங்கள் வைத்திருந்த பக்தியை அவரே இப்படித் திருத்திவிட்டார். கை அறிந்தது மெய். கை தவறியதும் மெய். தவறியதை அறிந்தவர் அவர் ஒருவரே. பிறர் அறிய வழியில்லை. எண்ணில் எழுதப்பட்ட தவற்றை எவரும் காணலாம், எவரும் திருத்தலாம். அளவையின் பெருமை துல்லியத்தில் மட்டும் இல்லை, இந்தப் பொதுமையிலும் இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

கிராங்கைப் பட்டறையில் கொடுத்து 10 தவ் குறையக் கடைந்து வாங்கினோம். அதற்கேற்ற ஓடுகளைப் பொருத்தி, ஏழு இடங்களிலும் பச்சை நூலை வைத்து அளந்தோம். அனைத்தும் 2 தவ்வை ஒட்டியே நின்றன. எந்த முனையிலும் ஏறக்குறைவு இல்லை. ஒவ்வொன்றையும் நண்பரின் தந்தையார் பெட்ரோல் கணக்கு எழுதிவைத்த குறிப்பேட்டிலேயே தேதியிட்டு எழுதினோம். எஞ்சின் ஓடியபோது முள் இறங்கியது. ஆனால் நடுவிலேயே நின்றுகொண்டது. அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தோம். அது அசையவில்லை. ஓசையும் இல்லை.

தாயார் முன்னிருக்கையில் அமர்ந்து ஊர் எல்லைவரை போய்வந்தார். இறங்கியதும், "அவரு ஓட்டுறப்ப இவ்வளவு சத்தமில்லாம இருந்ததில்ல" என்றார். பாராட்டா, குறையா என்பது இன்றுவரை எங்களுக்கு விளங்கவில்லை. இரும்புக்காரர் அதற்குப் பிறகு வரவில்லை.

வீட்டில் நின்றுபோன எஞ்சின் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு சொல். பிரிப்பதாயின் பிரியுங்கள், அஞ்ச வேண்டாம். மூடியை இறுதியாக முறுக்கும் முன் ஒரு துண்டு நூலை வைத்துப் பாருங்கள். பட்டறைகளில் உழைத்த பெரியவர்களை அறிந்தவர்கள், இடைவெளியையும் இறுக்கத்தையும் குறிக்க அவர்கள் வழங்கும் சொற்களைத் தொகுத்து எங்களுக்கு எழுதுங்கள். 'ஆட்டம்' என்றும் 'தவ்' என்றும் இன்று கேட்கும் சொற்கள், அவற்றைச் சொல்லும் கைகளோடு மறைந்துவிடக் கூடாது என்பது எங்கள் கவலை.